சாவா மூவா ஆடுகளும் இருபதாண்டு எரிவாயுவும்

கருவறையில் இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டிய விளக்குக்கு நந்தா விளக்கு என்று பெயர். சோழர் காலத்தில் அதன் எரிபொருள் நெய். ஒரு விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு, அதாவது ஒரு நாழியில் கால் பங்கு. இந்த நெய் என்றென்றைக்கும் தடையின்றி வந்துசேர வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாட்டுக் கோயில்களில் எழுதப்பட்ட ஏற்பாடுகள் ஆயிரக்கணக்கில் கல்லில் நிற்கின்றன. திருவரங்கம் பெரிய கோயிலில் மட்டும் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. முதலாம் பராந்தகன் காலம் தொட்டு அங்கே சோழர், பாண்டியர், போசளர், விசயநகரத்தார் எனப் பல மரபினர் காலத்துச் சாசனங்கள் உண்டு. கொள்ளிடத்துக்கு வடகரையில் திருத்தவத்துறை என்ற பழம்பெயர் கொண்ட லால்குடியில், ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுணன் விளக்குக்காகக் காசு வைத்த சாசனம் இருக்கிறது. இவற்றை எரிபொருளுக்கான நீண்டகால ஒப்பந்தங்கள் என்றே பார்க்கலாம்.

இவை எழுப்பும் தத்துவக் கேள்வி எளிமையானது, விடைதான் எளிதில் அகப்படுவதில்லை. இன்று இருவர் செய்துகொள்ளும் உடன்பாடு, இன்னும் பிறக்காத மூன்றாமவரை எந்த உரிமையில் கட்டுகிறது?

ஏற்பாடு நடந்த விதத்தை முதலில் பார்க்கலாம். விளக்கு வைப்பவர் இடையர்களிடம் 96 ஆடுகளை ஒப்படைப்பார். பழைய சாசனங்கள் சிலவற்றில் இது 90 ஆக இருக்கும். ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்தால் வேண்டிய நெய் 90 நாழி, ஆகவே ஓர் ஆட்டுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி. கல்லில் இந்தக் கணக்கை யாரும் விரித்து எழுதவில்லை, ஆனால் எண்கள் அப்படித்தான் பொருந்துகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்து விளக்குகளுக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று நிகர் வைத்தார்கள். ஈனும் குட்டி, மிஞ்சும் பால், வயலில் கிடை போட்டால் கிடைக்கும் வரும்படி எல்லாம் இடையருக்கு. கோயிலுக்கு உழக்கு நெய் மட்டும். கிழமானதைக் கழித்துக் குட்டியைச் சேர்த்து மந்தையை எப்போதும் அதே எண்ணிக்கையில் வைத்திருப்பது இடையர் பொறுப்பு. அதனால்தான் இந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதினார்கள். சாகாத ஆடு உலகில் இல்லை என்பது எழுதியவர்களுக்கும் தெரியும். தனித்தனி ஆடு செத்தாலும் கணக்கில் மந்தை சாகாது என்பதே பொருள். கொள்ளைநோய் வந்தது, ஆடெல்லாம் போயிற்று என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. முழு இழப்பும் பெற்றவர் தலையில்.

பொன்னாகக் கொடுத்தால் ஊர்ச் சபையார் வாங்கிக்கொண்டு, முதலைத் தொடாமல் வட்டியிலிருந்து எண்ணெயோ நெய்யோ அளப்பார்கள். வரகுணன் அம்பாசமுத்திரத்தில் வைத்த 290 காசு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டி, ஆக 580 கலம். வட்டி நெல்லாகக் குறிக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நாணயம் தேய்ந்தாலும் மாறினாலும் கலம் கலம்தான்.

இப்போது கேள்விக்கு வரலாம். தஞ்சைச் சாசனங்கள் ஆடு பெற்ற இடையரின் பெயரைச் சொல்வதோடு நிற்பதில்லை. அவர், அவருடைய உறவினர், அந்த உறவினருக்கு உறவினர் என்று பொறுப்பை விரித்துக்கொண்டே போகின்றன. காலமோ சூரிய சந்திரர் உள்ளவரை. பாட்டன் கைநீட்டி வாங்கிய ஆட்டுக்குக் கொள்ளுப்பேரன் ஏன் நெய் அளக்க வேண்டும்?

முதலில் தோன்றும் விடை, ஆடு அவனிடம்தான் இருக்கிறது என்பது. பயனை அனுபவிப்பவன் பொறுப்பையும் ஏற்கிறான். வேண்டாமென்றால் 96 ஆட்டையும் திருப்பி ஓட்டிவிட்டுப் போகலாம். நியாயமான விடைதான். ஆனால் பாட்டன் காலத்திலேயே மந்தை அழிந்திருந்தால்? பேரனுக்கு வந்தது கடன் மட்டும்.

இந்திய மரபில் இதற்கு இன்னும் பழைய விடை ஒன்று உண்டு. தைத்திரீய சங்கிதை அந்தணன் பிறக்கும்போதே மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது: முனிவர்க்கு, தேவர்க்கு, முன்னோர்க்கு. இங்கே சம்மதம் என்ற பேச்சே எழுவதில்லை. கடன் முதலில், கடனாளி பிறகு. இதை எல்லோருக்கும் விரித்துப் பார்த்தால் கொள்ளுப்பேரனின் நிலை விதிவிலக்கு அன்று, எல்லா மனிதரின் நிலையும் அதுவே. இதன் ஆபத்தும் வெளிப்படை. பிறப்பே கடன் என்று ஒப்புக்கொண்டால் எந்தச் சுமையையும் எவர் தலையிலும் ஏற்றிவிடலாம். சாதியின் பெயரால் ஏற்றியும் இருக்கிறார்கள்.

மறுகோடியில் நிற்பவர் தாமஸ் ஜெபர்சன். பாரிசிலிருந்து 1789 செப்டம்பர் 6ஆம் நாள் ஜேம்ஸ் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில், பூமியை அனுபவிக்கும் உரிமை உயிரோடிருப்பவர்களுக்கே என்று வாதிட்டார். இறப்புப் பட்டியல்களை வைத்துக் கணக்கிட்டு, ஒரு தலைமுறையின் கடனும் சட்டமும் 19 ஆண்டுக்கு மேல் செல்லக்கூடாது என்று முடிவுகட்டினார். அடுத்த ஆண்டே எட்மண்ட் பர்க், சமூகம் என்பது இருப்பவர், இறந்தவர், பிறக்கப்போகிறவர் மூவருக்கும் இடையிலான கூட்டு என்று எழுதினார். பர்க்கைச் சூரிய சந்திரர் பக்கமும், ஜெபர்சனை நம் காலத்து வணிக ஒப்பந்தங்களின் பக்கமும் சேர்க்கலாம். எரிவாயு வணிகத்தில் வழக்கமான ஒப்பந்தக் காலம் ஏறத்தாழ 20 ஆண்டு. ஜெபர்சனைப் படித்துவிட்டு எவரும் அப்படி வைக்கவில்லை. குழாயும் முனையமும் போட்ட முதல் திரும்பிவர அவ்வளவு காலம் ஆகிறது.

இந்த வணிகத்தில் மிக நீண்ட உறவுகளில் ஒன்று இத்தாலியின் எனி நிறுவனத்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலானது. எனியின் தலைவர் என்ரிகோ மத்தேயி 1960இல் சோவியத் ஒன்றியத்தோடு எண்ணெய் ஒப்பந்தம் செய்து மேற்கத்திய எண்ணெய் நிறுவனங்களின் பகையைத் தேடிக்கொண்டவர். 1962இல் விமான விபத்தில் இறந்தார். 1969 டிசம்பரில் எரிவாயு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன் அமைப்பு தஞ்சை இடையருக்கு நன்றாகவே புரிந்திருக்கும். இத்தாலி பெரிய விட்டமுள்ள எஃகுக் குழாய்களையும் கருவிகளையும் கடனாக முன்கூட்டிக் கொடுத்தது. சோவியத் தரப்பு அந்தக் கடனை ஆண்டாண்டாக எரிவாயுவாகத் தீர்த்தது. ஆட்டைக் கொடுத்து நெய்யை வாங்கிய கதைதான். 1974இல் செக்கோஸ்லோவாகியா, ஆஸ்திரியா வழியாக எரிவாயு இத்தாலிக்கு வந்தது.

ஒப்பிட்டால் தெரியும் வேறுபாடும் உண்டு. விளக்கு ஏற்பாட்டில் வாங்கும் பக்கத்துக்கு நாளைய கடமை ஒன்றும் இல்லை. கொடுக்க வேண்டியதை முதல் நாளே கொடுத்தாயிற்று. கோயில் நெய்யை வாங்கிக்கொள்ளும், அவ்வளவே. எரிவாயுவிலோ வாங்குபவரும் கட்டுண்டவர்: குறைந்தபட்ச அளவை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதற்கு விலை கட்டியாக வேண்டும். 2009க்குப் பிறகு ஐரோப்பாவில் தேவை விழுந்தபோது, எனி தான் எடுக்காத எரிவாயுவுக்கு முன்பணம் கட்டி நின்றது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் இந்த வகை ஒப்பந்தம் வலுவானது போலத் தோன்றும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கமும் சேர்ந்தே விழும் என்பது அதன் மறுமுகம்.

இன்னும் கூர்ந்து பார்த்தால் கட்சிக்காரர்களே மாறிப்போனார்கள். கையெழுத்திட்ட சோவியத் ஒன்றியம் 1991இல் மறைந்தது. அதன் எரிவாயு அமைச்சகத்திலிருந்து 1989இல் பிறந்த காஸ்ப்ரோம் தொடர்ந்தது. அரசு அமைப்பாக இருந்த எனி 1992இல் பங்கு நிறுவனமாயிற்று. வாங்கியவரும் விற்றவரும் வேறு உடல் எடுத்த பிறகும் குழாயில் வாயு நிற்கவில்லை. 2006 நவம்பர் 14ஆம் நாள் இந்த இரண்டு நிறுவனங்களும் வழங்கலை 2035 வரை நீட்டித்தன. அப்போது கேட்டிருந்தால் இது சாவா மூவா வகை என்றே பலர் சொல்லியிருப்பார்கள். 2021இல் இத்தாலி இறக்குமதி செய்த எரிவாயுவில் ஏறத்தாழ 40 சதம் ரஷ்யாவிலிருந்து வந்தது. அடுத்த பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. பணத்தை ரூபிளில் பெறும்படி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரஷ்யா கேட்டது, வரத்து குறைந்துகொண்டே போயிற்று, இத்தாலி அல்ஜீரியா முதலிய இடங்களைத் தேடிப் போனது. 2025 சனவரி 1ஆம் நாள் உக்ரைன் வழிக் குழாய்ப் போக்குவரத்தே நின்றது. தாளில் இன்னும் பத்தாண்டு மிச்சம் இருந்தது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. கெயில் நிறுவனம் 2012இல் காஸ்ப்ரோமின் சிங்கப்பூர்ப் பிரிவோடு ஆண்டுக்கு 25 லட்சம் டன் திரவ எரிவாயுவுக்கு 20 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. முதல் கப்பல் 2018இல் குசராத்தின் தகேஜ் துறைமுகத்துக்கு வந்தது. சிங்கப்பூர்ப் பிரிவின் தாய் நிறுவனம் ஜெர்மனியில் இருந்தது. 2022 ஏப்ரலில் ஜெர்மன் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்து, பிறகு வேறு பெயரிட்டது. வரவேண்டிய கப்பல்கள் வரவில்லை. வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போய், 2025 சனவரியில் 28.5 கோடி டாலர் இழப்பீட்டோடு முடிந்தது. ரஷ்ய நிறுவனத்தோடு கைகுலுக்கிய கெயில், ஜெர்மன் அரசு நிறுவனத்திடம் பணம் வாங்கிக்கொண்டு வந்தது. யாரோடு ஒப்பந்தம் செய்தோம் என்ற கேள்வி வெறும் தர்க்க விளையாட்டு அன்று என்பதற்கு இது போதும்.

மாறிக்கொண்டே இருப்பதை ஒன்றே என்று எப்படிச் சொல்வது? இந்தியத் தத்துவம் இதற்கு எடுத்துக்கொண்ட உவமையே விளக்குச்சுடர். மிலிந்தன் என்ற யவன அரசனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் சொன்ன விடை புகழ்பெற்றது. முதல் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல. திருவரங்கத்தில் இந்தச் சுடர் வேறு வேடத்தில் வருகிறது. இராமானுசரின் ஸ்ரீபாஷ்யத் தொடக்கத்தில் அத்வைதியின் வாதத்தை விரிக்கும் நீண்ட பகுதி ஒன்று உண்டு. ஒரே சுடர் எரிகிறது என்று கண் சொல்கிறது, அனுமானம் அதை மறுக்கிறது, ஆகவே கண்கண்டதே உறுதி என்று நம்ப வேண்டாம் என்பது அங்கே வரும் வாதம். இராமானுசர் இதற்கு மசியவில்லை. சுடரைப் பற்றிய காட்சி பிழையானதற்குத் தனிக் காரணம் இருக்கிறது, ஒத்த சுடர்கள் இடைவெளியின்றித் தொடர்வதால் ஒன்றாகத் தெரிகின்றன, அதைக் காட்டி எல்லாக் காட்சியையும் பொய் என்று தள்ள முடியாது என்கிறார். சுடர் வரிசைதான், அதைக் காணும் ஆன்மா வரிசை அன்று.

இதை விளக்கு ஏற்பாட்டின் மேல் வைத்துப் பார்த்தால் அமைப்பு தெளிவாகிறது. ஆடு வரிசை, நெய் வரிசை, இடையர் தலைமுறை வரிசை, அரச மரபு வரிசை, சுடரும் வரிசை. வரிசையாகாத ஒரே முனை, யாருக்காக விளக்கு எரிகிறதோ அந்தப் பெருமாள். சட்டமும் இதை ஒருவகையில் ஏற்கிறது. வைணவக் கோயில்களில் நிலப் பரிமாற்றங்கள் சேனை முதலியார் பெயரில் நடந்தன, சிவன் கோயில்களில் சண்டேசுவரர் பெயரில். லண்டன் பிரிவி கவுன்சில் 1925இல் ஒரு வங்காளக் குடும்ப வழக்கில், இந்துத் தெய்வத் திருமேனி சட்டத்தின் முன் ஒரு நபரே என்று உறுதிசெய்தது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் தனியார் சொத்தைப் பிறவாத தலைமுறைகளுக்கெல்லாம் முடிவின்றிக் கட்டிவைப்பதை 14ஆம் பிரிவில் தடுத்துவிட்டு, சமயம் முதலிய பொதுநன்மைக்கு மட்டும் 18ஆம் பிரிவில் விலக்குக் கொடுக்கிறது. ஜெபர்சனும் பர்க்கும் ஒரே சட்டத்தில் நான்கு பிரிவு இடைவெளியில் குடியிருக்கிறார்கள்.

நிறுவனமும் சட்ட நபர்தானே என்று கேட்கலாம். சட்ட நபர்தான், ஆனால் விற்கலாம், பிரிக்கலாம், பெயர் மாற்றலாம், அரசு கைப்பற்றலாம். எரிவாயு ஒப்பந்தத்தில் இரண்டு முனையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் அதில் காலவரையும் விலைத் திருத்தமும் நடுவர் மன்றமும் இவ்வளவு பக்கங்களை நிரப்புகின்றன. விளக்குச் சாசனத்தில் அவற்றின் இடத்தில் இருப்பது ஒரு வேண்டுகோள். இந்தத் தருமத்தைப் பின்னால் காப்பவர் எவரோ அவர் திருவடி என் தலைமேல் என்று கொடையாளர் முன்பின் தெரியாத எதிர்காலத்தவரை வணங்குகிறார். அழிப்பவருக்குச் சாபமும் உண்டு, ஆனால் வணக்கத்தில்தான் சிந்தனை ஆழமாக இருக்கிறது. பிறவாதவரைக் கட்டளையிட்டுப் பணிய வைக்க முடியாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும் என்று அந்தக் கொடையாளர் அறிந்திருந்தார்.

நிலைத்த முனையும் அசைந்தால் என்ன ஆகும்? திருவரங்கத்தில் அது நடந்தது. 1323இல் தில்லிப் படை வந்தபோது பெருமாளின் உற்சவத் திருமேனியை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு பிள்ளை லோகாசாரியரும் சிலரும் தெற்கே போனார்கள். முதிய வயதில் லோகாசாரியர் மதுரைக்கு அருகே சோதிஷ்குடியில் பரமபதித்தார். திருமேனி பல ஊர் அலைந்து திருமலையில் தங்கி, 1371இல் விசயநகரத் தலைவர் கோபணரால் திரும்ப எழுந்தருளியது. இடைப்பட்ட 48 ஆண்டில் கல்லில் எழுதிய விளக்குகள் எத்தனை எரிந்திருக்கும்? சூரிய சந்திரர் இருந்தார்கள், நெய் அளப்பாரும் அளந்து வாங்குவாரும் இல்லை.

திரும்பிவந்ததும் எழுந்த சிக்கல் கேள்வியின் உயிர்நாடியைத் தொடுகிறது. இடையில் வேறொரு திருமேனியைக் கோயிலில் எழுந்தருளப் பண்ணியிருந்தார்கள். எது பழைய பெருமாள்? பழையவர்களில் எஞ்சியவர் அரிது. கோயிலின் வரலாறாகிய கோயிலொழுகு சொல்லும்படி, பார்வையிழந்த முதிய வண்ணார் ஒருவரைக் கேட்டார்கள். பெருமாளுக்குச் சாத்திய ஈர ஆடையைத் துவைத்து, அதன் தீர்த்தத்தை உட்கொண்டு வந்தவர் அவர். இரு திருமேனிக்கும் திருமஞ்சனம் செய்து ஆடையைப் பிழிந்து கொடுக்க, சுவைத்துப் பார்த்து, இவரே நம்பெருமாள் என்றார். அந்தப் பெயரே நிலைத்தது என்பது மரபு. பட்டயமோ கையெழுத்தோ தீர்க்க முடியாததைத் தொண்டு செய்த நாக்கு தீர்த்தது. வரலாற்று ஆய்வாளர் இதை எப்படி மதிப்பிட்டாலும், தொடர்ச்சி எங்கே இருக்கிறது என்பதற்கு ஸ்ரீவைணவம் தந்த விடை இந்தக் கதைக்குள் இருக்கிறது. பொருளில் அன்று, பத்திரத்தில் அன்று, கைங்கரியத்தில்.

கைங்கரியம் என்ற கருத்து ஒப்பந்தத்தின் அடித்தளத்தையே மாற்றிவிடுகிறது. ஒப்பந்தத்தில் நான் செய்வது நீ செய்வதற்கு ஈடு. கைங்கரியத்தில் ஈடு இல்லை. ஆன்மா இறைவனுக்கு உரியது, உரியவன் உடையவனுக்குச் செய்வது கடன் தீர்ப்பதாகாது. சரணாகதி பற்றிய பெரிய வழக்கும் இங்கிருந்தே எழுந்தது. சரணடைவது மோட்சத்துக்கு ஒரு நிபந்தனையா? வேதாந்த தேசிகரின் வழிவந்த வடகலையார், இறைவன் அருள்வதற்கு அது ஒரு வியாஜம், சிறு முகாந்தரமாகிலும் நம் பக்கம் வேண்டும் என்பார்கள். லோகாசாரியரின் ஸ்ரீவசன பூஷணத்தையும் மணவாள மாமுனிகளின் உரையையும் பின்பற்றும் தென்கலையார், அதையும் ஈடாக எண்ணினால் அருள் விலைப்பொருளாகிவிடும் என்று மறுப்பார்கள். தாய்க்குரங்கைக் குட்டி பற்றுவதா, தாய்ப்பூனை குட்டியைக் கவ்வுவதா என்று இதை எளிமையாக்கிச் சொல்வது வழக்கம். எளிமைப்படுத்தியதில் கூர்மை போய்விட்டது. உண்மையில் கேட்கப்படுவது, உறவு முதலா உடன்பாடு முதலா என்பதே. உறவே முதல் என்றால் பிறவாதவரை உடன்பாடு கட்டுகிறதா என்ற கேள்வி பாதி கரைந்துபோகிறது. அவர்கள் உடன்பாட்டுக்குள் பிறக்கவில்லை, உறவுக்குள் பிறக்கிறார்கள். மீதிப் பாதி கரைவதில்லை. நெய் அளந்த இடையருக்கு அது கைங்கரியமாக இருந்ததா, வெறும் கடமையா என்று கல்வெட்டு சொல்லவில்லை. கொடுத்தவரின் பக்தி கல்லில் இருக்கிறது, அளந்தவரின் மனம் இல்லை.

முதலைத் தொடாமல் வட்டியில் பூசை நடத்தும் முறை இன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறது. வருவாயற்ற சிறு கோயில்களில் நாளுக்கு ஒரு வேளையாவது பூசை நடக்க, இந்து சமய அறநிலையத் துறை ஒருகால பூசைத் திட்டம் நடத்துகிறது. கோயில் பெயரில் ஒரு தொகை வைப்பில் இருக்கும், விளக்குக்கும் நைவேத்தியத்துக்கும் வட்டி. ஒரு லட்ச ரூபாயாக இருந்த வைப்பு 2021-22இல் இரண்டு லட்சமாக்கப்பட்டு, 12,959 கோயில்களுக்கு 129.59 கோடி ரூபாய் அதற்காகத் தரப்பட்டது. வரகுணன் வட்டியைக் கலம் கணக்கில் குறித்தான், இங்கே அது ரூபாயில் வருகிறது. எண்ணெய் விலை ஏற ஏற இந்த முதலையும் மறுபடி மறுபடி கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.